படவகையும் சமூக உறவும்: ‘சமூகப் படம்’ என்னும் பெயர் குறித்து

1

தமிழில் இலக்கிய வகைகளை வரையறுத்த பாட்டியல் நூல்கள், கலம்பகத்துக்குரிய செய்யுட்டொகையைப் பாட்டுடைத் தலைவனின் தகுதிக்கேற்ப வகுத்தன. தேவர்க்கு 100, அந்தணர்க்கு 95, அரசர்க்கு 90, அமைச்சர்க்கு 70, வணிகர்க்கு 50, வேளாளர்க்கு 30 என்பது அவ்வரையறை. இன்று இதனைப் படிப்போர் புலவர்களின் எண்விளையாட்டென நகைத்தல் கூடும். ஆயினும், வகை என்பது வடிவம் மாத்திரமன்று, யாரை எந்த அளவிற் போற்றலாம் என்னும் சமூக ஒழுங்கும் அதனுள் அடங்கும் என்பதைப் பாட்டியலார் மறைக்கவில்லை. வேளாளருக்குக் கீழ் வைக்கப்பட்ட உழைப்பாளருக்கு எண்ணே வகுக்கப்படாமையும் அவ்வொழுங்கின் ஒரு பகுதியே.

சினிமாவிலும் தொலைக்காட்சியிலும் வழங்கும் வகைப்பெயர்கள் இத்துணை வெளிப்படையானவையல்ல. புராணப் படம், சரித்திரப் படம், சமூகப் படம், குடும்பத் தொடர் என்பன கதையின் தன்மையை மட்டும் சுட்டும் நடுநிலையான சொற்களாகத் தோன்றுகின்றன. நமது விமர்சகரிற் பலரும் அவற்றை அவ்வாறே கொண்டு, அவற்றின் மீது ஒரு மதிப்பீட்டையும் ஏற்றியுள்ளனர். புராணப் படம் பிற்போக்கானது, சமூகப் படம் முற்போக்கானது அல்லது முற்போக்கை நோக்கிச் செல்வது என்பதே அம்மதிப்பீடு. வணிகம் இட்ட பெயர் விமர்சனத்தின் தீர்ப்பாக மாறிய இந்நிலையை நாம் மறுபரிசீலனை செய்தல் வேண்டும்.

2

படவகை எவ்வாறு வரையறுக்கப்படுகின்றது? எட்வின் போட்டர் 1903இல் எடுத்த ‘பெரும் புகையிரதக் கொள்ளை’ பிற்காலத்தில் ‘வெஸ்ரேர்ன்’ வகையின் முன்னோடியாகப் போற்றப்பட்டது. ஆனால் அது வெளிவந்த காலத்தில் அப்பெயரில் ஒரு படவகை நிலைபெற்றிருக்கவில்லை. குற்றச்செயல் பற்றிய படங்களும் புகையிரதப் பயணக் காட்சிகளுமே அன்றைய பார்வையாளர் அறிந்திருந்தவை. அதே போன்று, 1940களில் ஹொலிவூட்டில் வெளிவந்த சில குற்றப்படங்களுக்குப் ‘பிலிம் நுவார்’ என்னும் பெயரை 1946இல் வழங்கியவர்கள் பிரெஞ்சு விமர்சகர்கள். அப்படங்களை எடுத்தவர்கள் அப்பெயரை அறிந்திருக்கவில்லை. ஆகவே வகை என்பது படத்தினுள் முன்கூட்டியே பொதிந்து கிடக்கும் சாரமன்று. தயாரிப்பாளன், பார்வையாளன், விமர்சகன் ஆகிய மூவரும் வெவ்வேறு தேவைகளுக்காக அதனைப் பயன்படுத்துகின்றனர். அப்பயன்பாட்டின் வரலாறே வகையின் வரலாறாகும்.

1984இல் றிக் ஓல்ற்மன் என்னும் அமெரிக்க ஆய்வாளர் முன்வைத்த ஒரு வேறுபாடு இங்கு நமக்குப் பயன்படும். அவர் படவகையைச் சொற்கூறு, தொடர்க்கூறு என இரு நிலைகளில் நோக்கினார். உடை, களம், பாத்திரம், பொருள்கள் முதலியன ஒரு வகையின் சொற்களை ஒத்தவை. அவற்றை ஒன்றோடொன்று இணைத்துப் பொருள் தரச்செய்யும் உறவுமுறை அதன் வாக்கிய அமைப்பை ஒத்தது. சொற்கள் மாறியும் வாக்கிய அமைப்பு மாறாதிருத்தல் கூடும். அமைப்பு மாறியும் பழைய சொற்கள் எஞ்சி நிற்றல் கூடும். ஓல்ற்மன் இதனை வடிவப் பிரச்சினையாகவே நோக்கினார். எந்தச் சமூக உறவு எந்த அமைப்பை வேண்டி நிற்கின்றது என்னும் வினாவை அதனோடு சேர்ப்பது மார்க்சிய விமர்சனத்தின் பணியாகும்.

3

தமிழ்ச் சினிமா தோன்றிய காலத்திற் புராணமே அதன் வகையாயிருந்தது. நடராஜ முதலியாரின் ‘கீசக வதம்’ என்னும் ஊமைப்படமும் அத்தகையதே. 1931இல் ‘காளிதாஸ்’ மூலம் பேசத் தொடங்கிய தமிழ்த் திரை, சங்கரதாஸ் சுவாமிகள் மரபில் வந்த கொம்பனி நாடகங்களிலிருந்து கதை, பாட்டு, நடிகர் ஆகிய மூன்றையும் பெற்றுக்கொண்டது. இதனை மக்களின் பக்தியால் மட்டும் விளக்கவியலாது. புதிய தொழிலொன்றில் இறங்கிய மூலதனத்திற்கு, ஊரறிந்த கதை ஒரு பிணைப்பொறுப்பாக உதவிற்று. அரிச்சந்திரனையும் வள்ளியையும் விளம்பரப்படுத்த வேண்டியிருக்கவில்லை. மேடை அப்பணியைப் பல்லாண்டுகளாகச் செய்து முடித்திருந்தது. உற்பத்தி, நுகர்வோனுக்கு வேண்டிய பொருளை மட்டுமன்றிப் பொருளுக்கு வேண்டிய நுகர்வோனையும் படைக்கின்றது என்னும் கருத்தை மார்க்ஸ் 1857ஆம் ஆண்டு முன்னுரையில் விளக்கினார். படவகையின் இயக்கத்தை இதனினும் சுருக்கமாகக் கூறுதல் அரிது.

‘மேனகா’, ‘டம்பாச்சாரி’ ஆகியன வெளிவந்த 1935ஆம் ஆண்டளவில் ‘சமூகப் படம்’ என்னும் பிரிவு உருப்பெறத் தொடங்கிற்று. இப்பெயர் எதிர்மறையான ஒரு வரையறையையே பெற்றிருந்தது என்பது கவனிக்கத்தக்கது. தெய்வமும் அரசனும் முடிதரித்து வராத படம் சமூகப் படம். அஃதாவது, சமூகம் என்பது இங்கு ஓர் உடைநிலையையும் காலத்தையுமே சுட்டிற்று. உற்பத்தி உறவுகளையோ வர்க்க முரண்பாட்டையோ அன்று. சொற்கூறு மாறியதைக் கொண்டே பெயர் வழங்கப்பட்டது.

4

இவ்வரையறையின் போதாமையை இரண்டு கதைகளை ஒப்புநோக்கி உணரலாம்.

முதலாவது, 1935இலும் 1942இலும் திரைக்கு வந்த நந்தனார் கதை. வணிகப் பெயரின்படி இது பக்திப் படம். ஆனால் பெரிய புராணத்தில் இல்லாத வேதியர் என்னும் நிலக்கிழாரை, பத்தொன்பதாம் நூற்றாண்டில் கோபாலகிருஷ்ண பாரதியார் இக்கதையினுள் கொண்டுவந்து சேர்த்தார். அதன் பின் நந்தனின் பிரச்சினை தீண்டாமை மட்டுமாக இருக்கவில்லை. பண்ணையாள் தன் உழைப்பிலிருந்து விடுப்புப் பெறுவதும் அவனது பிரச்சினையாயிற்று. நாற்பது வேலி நிலத்தின் வேலையை முடித்தாற்றான் சிதம்பரம் செல்லலாம் என்பது ஆண்டையின் நிபந்தனை. இறைவன் ஓரிரவில் அவ்வேலையை முடித்துக்கொடுக்கின்றான். தஞ்சை நிலவுடைமையின் உழைப்புறவு இங்கு மறைப்பின்றி நிற்கின்றது. அதற்குக் கிடைக்கும் தீர்வே கற்பிதமானது. நந்தன் தீயிற் புகுந்து ‘தூய்மை’ பெற்றே கோயிலுள் நுழைகின்றான். எனினும் பிரச்சினை கற்பிதமன்று.

இரண்டாவது, ‘பராசக்தி’ (1952). கருணாநிதியின் வசனத்தில், கிருஷ்ணன்–பஞ்சு நெறியாள்கையில் வந்த இப்படம் சமூகப் படத்தின் தலைசிறந்த எடுத்துக்காட்டாகக் கருதப்படுவது. ரங்கூனிலிருந்து யுத்தத்தாற் சிதறும் குடும்பம், பட்டினி, கோயிற் பூசாரியின் காமம் என அதன் சொற்கூறு முற்றிலும் சமகாலத்துக்குரியது. அதன் தொடர்க்கூறு யாது? தமையன்மாரை இழந்த தங்கை கல்யாணி வறுமையுறுகின்றாள், தன் கற்பைக் காக்கப் போராடுகின்றாள், பசி தாளாது குழந்தையை ஆற்றில் வீசுகின்றாள், நீதிமன்றத்தில் நிற்கின்றாள், அங்கு நீதிபதியாய் அமர்ந்திருப்பவன் அவளது மூத்த தமையன். குழந்தை உயிருடன் மீள்கின்றது. குடும்பம் ஒன்றுகூடி அநாதை விடுதி அமைக்கின்றது. தமையன் வீட்டில் ஆதரவு இழந்து பிள்ளைகளைக் கிணற்றில் இட்ட நல்லதங்காளின் கதையைக் கேட்டு வளர்ந்த எவருக்கும் இவ்வமைப்புப் புதிதன்று. அக்கதையின் பல வடிவங்களில் இறந்தோரை எழுப்பும் தெய்வத்தின் இடத்தில் இங்கு நீதிபதி இருக்கின்றான். நடுவன் மாறினானேயன்றி நடுவனின் ஆசனம் அகற்றப்படவில்லை.

இதனால் ‘பராசக்தி’யின் வரலாற்று முக்கியத்துவத்தை நாம் குறைத்து மதிப்பிடுவதாகக் கொள்ளலாகாது. கோயிலையும் செல்வரையும் நோக்கி அப்படம் எழுப்பிய குரலின் தாக்கம் பெரிது. குரலுக்கும் அமைப்புக்கும் இடையிலான முரண்பாட்டையே நாம் சுட்டுகின்றோம். வசனம் குற்றஞ்சாட்டுகின்றது, கதையோ குடும்பத்தின் மீள்சேர்க்கையிலும் ஈகையிலும் அக்குற்றச்சாட்டைத் தணிக்கின்றது. சொத்துறவைத் தீண்டாது சமூக மதிப்பையும் அதிகாரத்தையும் வேண்டிநின்ற இடைத்தரப் பிரிவினரின் கருத்துநிலைக்கு இவ்வமைப்பு மிகவும் இசைந்ததாகும்.

ஆசனத்தையே மறுத்த படம் அதற்கு முன்னரே வந்திருந்தது. கே. சுப்பிரமணியத்தின் ‘தியாகபூமி’யில் (1939), கைவிட்ட கணவன் மனைவியைத் தன்னுடன் வாழவைக்க நீதிமன்றத்தை நாடுகின்றான். சாவித்திரி அவனுடன் வாழ மறுத்துத் தேசிய இயக்கத்திற் சேர்கின்றாள். பெண்ணின் துன்பத்தை ஒரு நடுவன் அறிந்து தீர்த்துவைக்கும் அமைப்பு இங்கு உடைகின்றது. அப்படம் பின்னர் பிரித்தானிய ஆட்சியினால் தடைசெய்யப்பட்டது. எனவே வகையின் பரிணாமத்தை ஏணிப்படிகளாகக் கற்பித்தல் தவறு. 1939இல் திறக்கப்பட்ட வழி 1952இல் விரிவடையவில்லை.

5

இதன் மறுபக்கமும் நோக்கத்தக்கது. திராவிட முன்னேற்றக் கழகம் 1967இல் ஆட்சியமைப்பதற்குச் சற்று முன்னர், ஏ. பி. நாகராஜனின் ‘திருவிளையாடல்’ (1965), ‘சரஸ்வதி சபதம்’ (1966) ஆகியன பெருவெற்றி பெற்றன. பகுத்தறிவுப் பிரசாரம் ஓங்கிய காலத்திற் புராணம் மீண்டமை பலருக்குப் புதிராகத் தோன்றலாம். ஆனால் மீண்டது பழைய புராணப் படமன்று. பாட்டால் நடந்த 1930களின் புராணம் வசனத்தால் நடக்கலாயிற்று. கழகத்தார் வளர்த்த அடுக்குமொழியும் சொற்போரும் சிவனுக்கும் நக்கீரனுக்கும் உரியவையாயின. இறைவனே வாதத்தில் எதிர்க்கப்படுகின்றான். தருமியின் வறுமையோ நகைச்சுவையாக்கப்படுகின்றது. பொற்கிழிக்காக இன்னொருவர் பாட்டைச் சுமந்து செல்லும் ஏழைப் புலவனை மக்கள் இன்றும் நினைவிற் கொண்டிருத்தல் தற்செயலன்று. அறிவுழைப்பு விலைப்பண்டமாகும் ஒரு காலத்தின் அனுபவம் புராண உடையில் அங்கு வெளிப்படுகின்றது. சமூகப் படத்தினுள் புராணம் புகுந்தது போன்றே, புராணப் படத்தினுள் சமூகமும் புகுந்தது.

தொலைக்காட்சியில் இவ்வுறவு மேலும் ஒரு மாற்றத்தை அடைந்தது. ஐக்கிய அமெரிக்காவில் 1930களில் வானொலித் தொடர்களுக்குச் சவர்க்கார உற்பத்தியாளர் பணம் வழங்கியமையாற் பிறந்த பெயர் ‘சோப் ஒபெரா’. வகைப்பெயரே பண்டத்தின் பெயராய் அமைந்த அரிய எடுத்துக்காட்டு இது. இந்தியத் தூரதர்ஷன் 1987–88இல் ஒளிபரப்பிய ‘இராமாயணம்’, புராணமும் விளம்பர நேரமும் ஒருங்கே விற்கப்படலாம் என்பதைக் காட்டிற்று. அதன் பின் வந்த தமிழ்க் குடும்பத் தொடர்களான ‘சித்தி’ (1999–2001), ‘மெட்டி ஒலி’ (2002–2005), ‘கோலங்கள்’ (2003–2009) ஆகியவற்றின் சொற்கூறு, 1950களின் சமூகப் படத்திலிருந்து பெரிதும் பெறப்பட்டது. நல்லவள் துன்புறுகின்றாள், உறவினர் சூழ்ச்சி செய்கின்றனர், உண்மை மறைக்கப்படுகின்றது. ஆனால் தொடர்க்கூறு வேறுபட்டது. படத்தில் நடுவன் இறுதியில் வந்தான். தொடரில் அவனது வருகை ஆண்டுக்கணக்கில் ஒத்திவைக்கப்படுகின்றது. தீர்வு கிட்டின் கதை முடியும். கதை முடியின் விளம்பர நேரம் முடியும். பெண்ணின் துன்பம் முன்னர் சோதிக்கப்பட்டு நிறைவெய்தும் ஒன்றாக இருந்தது. இப்போது அது நாள்தோறும் புதுப்பிக்கப்பட வேண்டிய மூலப்பொருளாகிவிட்டது.

6

தென்னிந்தியத் திரையின் வகைகளையே நுகர்ந்து பழகிய இலங்கைத் தமிழருக்கு இவ்வாய்வினால் ஆவதென்ன? தர்மசேன பத்திராஜவின் ‘பொன்மணி’ (1977) யாழ்ப்பாணச் சமூகத்தின் சாதியையும் சீதனத்தையும் பொருளாகக் கொண்டது. பெயரளவில் இதுவும் சமூகப் படமே. ஆனால் எவரும் வந்து நீதி வழங்கிக் குடும்பத்தை ஒன்றுசேர்ப்பதில்லை; கதை துயரத்திலேயே முடிகின்றது. அது வணிக வெற்றி பெறவில்லை. இதற்குப் பார்வையாளரின் ‘இரசனைக் குறைவை’ மட்டும் காரணமாகக் கூறுவோர் ஒன்றை மறந்துவிடுகின்றனர். பல்லாண்டுகளாக ஒரு தொடரமைப்பு அப்பார்வையாளரை உருவாக்கி வந்துள்ளது. அவர்கள் அரங்கினுள் நுழைந்தபோது நடுவனின் வருகையையும் எதிர்பார்த்தே நுழைந்தனர். எதிர்பார்ப்பு என்பது தனிமனித ஊனமன்று. அது சமூக உற்பத்தி. படத்தை எடுத்தவர்கள் புதிய அமைப்பைத் தந்தனர். அவ்வமைப்பை வாசிக்கும் பயிற்சியைத் தரவேண்டியிருந்தவர்கள் விமர்சகர்கள். ‘சமூகப் படம்’ என்னும் பழைய பெயரால் இதனையும் ஏனையவற்றையும் ஒரே கூடையில் இட்ட விமர்சனம் அப்பணியைச் செய்திருத்தல் இயலாது.

எனவே ஒரு படத்தையோ தொடரையோ எதிர்கொள்ளும்போது, அது எவ்வகையைச் சார்ந்தது என்பதோடு விமர்சனம் நின்றுவிடலாகாது. அவ்வகைப்பெயரை இட்டவர் யார், எந்தத் தேவைக்காக இட்டனர், கதையில் உழைப்பவர் எவர், துன்புறுபவர் எவர், தீர்ப்பு வழங்கும் ஆசனத்தில் அமர்ந்திருப்பவர் எவர், அவ்வாசனம் எவருக்கேனும் மறுக்கத்தக்கதாயிருக்கின்றதா ஆகிய வினாக்களை அது எழுப்புதல் வேண்டும். இவற்றைக் கொண்டு நோக்கின், நமது பண்டிகை நாட்களில் மீண்டும் மீண்டும் காட்டப்படும் பக்திப் படங்களுட் சில நாம் எண்ணியதை விட அதிகம் பேசக்கூடும். முற்போக்கானவை என நாம் பட்டியலிட்ட சில படங்களை அப்பட்டியலிலிருந்து நீக்கவும் நேரலாம். தமிழ்த் திரையினதும் தொலைக்காட்சியினதும் வகை வரலாற்றை இந்நோக்கில் முழுமையாக எழுதும் பணி நமது பல்கலைக்கழகத் தமிழ்த்துறைகளில் இன்னும் முறையாகத் தொடங்கப்பட வேண்டியுள்ளது. கலம்பகத்தின் எண்களைப் பொருள்கொள்ளக் கற்ற மாணவருக்கு அது இயலாத பணியன்று.