குறவஞ்சியும் குறவரும்

ஓரூரில் நிலைத்து வாழாது, மலையும் காடும் வழியுமாகத் திரியும் மக்களை முதன்மையாக வைத்துப் பாடிய தமிழ் நூல்கள் மிகச் சில. அவற்றுள் தலைசிறந்தது மேலகரம் திரிகூடராசப்பக் கவிராயர் 18ஆம் நூற்றாண்டில் இயற்றிய திருக்குற்றாலக் குறவஞ்சி. அதன் சந்தநயத்தைப் புகழாத புலவரில்லை. நாம் ஈண்டு வேறொன்றை ஆராய்வோம்: கவிராயர் படைத்த அவ்வுலகில் குறவர் பெற்ற இடம் யாது?

குற்றாலநாதர் உலாவரக் கண்டு காதல் கொண்ட வசந்தவல்லி வாடுகிறாள். தோழியர் ஆறுதல் அவளுக்கு உதவவில்லை. அவ்வேளையில் கூடையும் மாத்திரைக்கோலும் ஏந்திக் குறத்தி தெருவில் வருகிறாள். நூலுக்கு அப்போதே புத்துயிர் உண்டாகிறது. மாளிகைப் பெண் புலம்புகிறாள். மலைப்பெண்ணோ தன் மலைவளத்தையும், தான் குறி சொல்லி நடந்த நாடுகளையும் கூச்சமின்றிப் பேசுகிறாள். குறியை நாம் நம்ப வேண்டுவதில்லை. குனியாத அந்நாவை மதிக்கவேண்டும். பின்னர்ச் சிங்கன் தேடி வந்து, அவள் பூண்ட அணிகளைக் கண்டு மிரண்டு வினவ, அவை தன் தொழிலால் பெற்ற பரிசுகள் என்று சிங்கி விடையிறுக்கும் பகுதி வெறும் நகைச்சுவையன்று. தன் கையால் ஈட்டி வாழும் பெண்ணின் பெருமிதமுமாகும்.

ஆயினும் ஒரு குறையுண்டு. இவர்களுடைய வேட்டையும் ஊடலும் நூலில் உள்ளன. ஊரார் இவர்களை எங்ஙனம் நடத்தினர் என்னும் வினா மட்டும் எழவில்லை. இந்நூலுக்காக மதுரை நாயக்க மன்னர் முத்துவிசயரங்க சொக்கநாதர் கவிராயருக்கு நிலம் அளித்தார். அந்நிலம் குறவஞ்சி மேடு எனப்பெற்றது. குறவரைப் பாடியவர்க்கு நிலம் கிடைத்தது. குறவர்க்குக் கிடைத்தது யாது?

உப்பும் தானியமும் பொதியேற்றி ஊரூராய் விற்றுவந்த குறவர் கூட்டங்கள் உண்டு. இரயிலும் அரசாங்கத்தின் உப்புச் சட்டமும் அவர்தம் வாணிபத்தை நசுக்கின. 1871ஆம் ஆண்டுக் குற்றப்பரம்பரைச் சட்டம், 1911இல் திருத்தப்பெற்றுச் சென்னை மாகாணத்திலும் நடைமுறைக்கு வந்தது. குறவருட் பல பிரிவினர், தாம் செய்த குற்றத்தால் அன்றிப் பிறந்த குலத்தால் குற்றவாளிகளெனப் பதியப்பட்டனர். 1952இலேதான் அக்கறை இந்தியா முழுவதும் சட்டத்திலிருந்து நீங்கிற்று. ஏளனம் நீங்கவில்லை. குறவன் குறத்தி ஆட்டம் என்னும் பெயரால் ஆபாசம் மேடையேறிற்று. தமிழ்நாட்டு அரசு அதனைத் தடைசெய்தது 2023இல்.

கவிராயர் குறத்திக்கு மானமும் சொல்வன்மையும் தந்தார். பின்வந்த ஆட்டக்காரரோ அவள் நாவை விடுத்து உடையை மட்டும் எடுத்துக்கொண்டனர். எனவே, அன்பர்களே, இந்நூலைப் படியுங்கள். குறத்தி பேசுமிடத்து இசையோடு நின்றுவிடாது, பேசுவது யாரென்றும் எண்ணுங்கள். பிறர் பாடிய குறவரைப் படித்துவிட்டோம். குறவர் தம்மைத் தாமே எழுதும் நூல்களையும் வரவேற்பது நம் கடன்.