முகம் இல்லாத கால்கள்

சிற்பி ரியாஸ் கோமுவைப் பற்றிய பேச்சில் ஒரு கருத்து திரும்பத் திரும்பத் தலைகாட்டுகிறது. அவருடைய அரசியல் ஒருபுறம், கால்பந்து மோகம் மறுபுறம். முன்னதுதான் கலை, பின்னது ஒரு மலையாளியின் விளையாட்டுப் பித்து. இதைவிட மேலோட்டமான வாசிப்பு இருக்க முடியாது.

உடலின் பாடும் அரசியலும் நம் நவீனச் சிற்பத்தில் தொடக்கத்திலிருந்தே ஒன்றாகக் கிடந்தவை. ராம்கிங்கர் பைஜ் 1938இல் சாந்திநிகேதனில் சந்தால் குடும்பத்தைச் சிற்பமாக்கித் திறந்தவெளிக்கு நடத்திவந்தார். சென்னை ஓவியப் பள்ளியின் முதல்வராக இருந்த தேவிபிரசாத் ராய் சௌத்ரி குஸ்தி பயின்றவர். மெரினாவில் 1959இல் எழுந்த உழைப்பாளர் சிலையில் அந்தப் பயிற்சி அப்படியே தெரியும். பாறையை நெம்பும் நால்வரின் முதுகும் தொடையும் பாரம் இன்னதென்று அறிந்த கை வடித்தவை. ஆனால் அங்கே வெற்றி முன்கூட்டியே தீர்மானமாகிவிட்டது. தோற்கவும் கூடிய உடல் அதில் இல்லை. 1987இல் பரோடாவில் கிளம்பிய தீவிரக் கலைஞர்கள் அந்த வீரத்தோற்றத்தை உடைத்தார்கள். 1989இல் அவர்களின் முன்னணிச் சிற்பி கே.பி. கிருஷ்ணகுமார் மறைந்ததும் இயக்கமே கலைந்தது. அதன் பிறகு வந்த சந்தைக் காலத்தில் பளபளப்புக்குக் குறைவில்லை, கோபத்துக்குத்தான் பஞ்சம்.

கோமுவை இந்த வரிசையில் வைத்துத்தான் பார்க்க வேண்டும். 1971இல் திருச்சூரில் பிறந்தவர். 1992இல் பம்பாய்க்குப் போனார். பாபர் மசூதி இடிப்பும் கலவரமும் அந்நகரைப் பிளந்த காலம் அது. பிறகு ஜே.ஜே. கலைப்பள்ளியில் பயின்றார். 2007இல் வெனிஸ் பினாலேயில் இடம்பெற்றார். 2012இல் போஸ் கிருஷ்ணமாச்சாரியுடன் சேர்ந்து கொச்சி முசிறிஸ் பினாலேயைத் தொடங்கினார். இந்தப் பெருமைகள் எல்லோரும் அறிந்தவை. நான் பொருட்படுத்துவது 'இடது கால்கள்' என்ற மரச்சிற்ப வரிசையைத்தான்.

அதன் பின்னணி ஈராக் கால்பந்து அணி. 2007 ஆசியக் கோப்பை அரையிறுதியில் அந்த அணி தென்கொரியாவை வென்ற இரவு, கொண்டாடத் தெருவுக்கு வந்த பாக்தாத் மக்கள்மீது கார் குண்டுகள் வெடித்து ஐம்பது பேர் செத்தார்கள். ஷியா, சுன்னி, குர்து வீரர்கள் சேர்ந்து ஆடிய அதே அணி ஜூலை 29 அன்று ஜகார்த்தாவில் சவூதி அரேபியாவை 1-0 எனச் சாய்த்தது. கோலடித்த கேப்டன் யூனிஸ் மஹ்மூத், அமெரிக்கப் படை வெளியேற வேண்டும் என்று வெளிப்படையாகவே சொன்னார். விளையாட்டில் அரசியலைக் கலக்காதீர்கள் என்று அவரிடம் யார் போய்ச் சொல்வது?

இந்த வெற்றிக்குக் கோப்பையைத் தூக்கிய வீரனை வார்ப்பதுதான் எளிய வழி. கோமு அதைச் செய்யவில்லை. வேறெங்கோ பயன்பட்டுக் கழிந்த மரத்தில் காலை மட்டும் செதுக்கினார். முகம் இல்லாததால் வழிபட ஆள் இல்லை. பார்ப்பவன் முழங்காலையும் ஆடுசதையையும் மரத்தின் ரேகையையும்தான் பார்த்தாக வேண்டும். பந்தை உதைக்கும் கால் அது. குண்டு வெடிப்பில் முதலில் போவதும் அதுவே. இரண்டையும் ஒரே வடிவத்தில் நிறுத்திய இந்தச் சிற்பங்களுக்கு இணையாக அந்தத் தலைமுறையில் வேறொன்றை என்னால் காட்ட முடியவில்லை. இந்தியக் கால்பந்து அணி வீரர்களைக் கொண்டு அவர் செய்த 'மார்க் ஹிம்' உருவப்படங்களிலும் இதே அக்கறை உண்டு. கிரிக்கெட் வெளிச்சம் படாத அந்த முகங்களை நேர்நின்று பார்க்க வைத்தார். என்றாலும் மரக்கால்களின் அழுத்தம் அவற்றில் இல்லை.

நம் சிற்பம் இந்தப் பாதையில்தான் போக வேண்டும். போவதாகத் தெரியவில்லை. 2023 மே 28 அன்று, பாலியல் துன்புறுத்தலுக்கு எதிராகப் போராடி, புதிய நாடாளுமன்றக் கட்டடத்தை நோக்கிப் புறப்பட்ட மல்யுத்த வீராங்கனைகளைத் தில்லி போலீஸ் தரையில் இழுத்துப்போனது. பதக்கங்களைக் கங்கையில் விடுவதற்காக அவர்கள் ஹரித்வார் வரை போனார்கள். அதே ஆண்டு நவம்பரில் வான்கடே மைதானத்தில் டெண்டுல்கருக்குச் சிலை திறக்கப்பட்டது. மட்டை வீசும் கைக்கு வெண்கலம் தேடிக்கொடுத்த நாட்டில், போலீஸ் பிடியில் முறுக்கப்பட்ட அந்தக் கைகளைச் செதுக்க ஒரு சிற்பியாவது முன்வர வேண்டும். அதற்கு இடம் கொடுக்க ஒரு கலைக்கூடமாவது துணிய வேண்டும்.