கெடு முடிந்த பின்னும்: பீஸ் கோர் எழுத்தாளர்களும் அவர்களுடைய ஊர்களும்

அமெரிக்காவின் பீஸ் கோர் அமைப்பில் தொண்டு செய்துவிட்டுத் திரும்பியவர்கள் எழுதும் நூல்கள் எல்லாமே மீட்பர் கதைகள்தாம் என்று சொல்வது இப்போது விமர்சகர்களிடையே வழக்கமாகிவிட்டது. வெள்ளைக்கார இளைஞன் ஒருவன் ஏழை நாட்டுக்குப் போகிறான், கிணறு வெட்டுகிறான், மலேரியாவில் படுக்கிறான், தன்னைக் கண்டடைகிறான், திரும்பி வந்து புத்தகம் போடுகிறான். இதில் படிக்க என்ன இருக்கிறது என்பது வாதம். அப்படிப்பட்ட நூல்கள் உண்டு, நிறையவே உண்டு. ஆனால் அதற்காக அந்த அலமாரியையே மொத்தமாக ஒதுக்குகிறவர்கள், அதில் இருக்கும் நல்ல நூல்களைத் திறந்தே பார்த்திருக்க மாட்டார்கள். வெளிநாட்டு உதவி கிராமத்துக்குள் நுழைந்ததும் எப்படித் திசைமாறிப் போகிறது என்பதை, உதவப் போனவர்களே ஒளிவுமறைவில்லாமல் எழுதிவைத்த இலக்கியம் இது. மீட்பர் நினைப்பை இன்றைய விமர்சகர்களுக்கு வெகுமுன்னரே உடைத்துப் போட்டவர்கள் இதன் சிறந்த எழுத்தாளர்கள்தாம்.

தொடக்க காலத்தை விரைவாகக் கடந்துவிடலாம். 1961 மார்ச் 1 அன்று அமைப்பைத் தொடங்க அதிபர் கென்னடி ஆணையிட்டார். ஆகஸ்டில் முதல் குழு கானாவில் இறங்கியது. அந்த அக்டோபரிலேயே நைஜீரியாவின் இபாதானில் ஒரு தொண்டர் ஊருக்கு எழுதிய தபால் அட்டை வழியில் விழுந்து, நைஜீரிய மாணவர்கள் கையில் சிக்கியது. தங்கள் வாழ்க்கையைப் பற்றி அதில் இழிவாக எழுதியிருந்ததைப் பிரதியெடுத்துப் பரப்பி அவர்கள் போராட்டத்தில் இறங்க, எழுதியவர் நாடு திரும்ப நேர்ந்தது. எழுதப்படுகிறவர்களும் படிப்பார்கள் என்பது இந்த இலக்கியத்துக்குக் கிடைத்த முதல் பாடம். பிந்தைய பலர் அதை மறந்தே எழுதினார்கள். அடுத்து நாவலாசிரியர்கள் வந்தார்கள். 1963இல் மலாவிக்குப் போய் 1965இல் அமைப்பிலிருந்து நீக்கப்பட்ட பால் தெரூவின் ஆப்பிரிக்க நாவல்கள் கூர்மையானவை, கசப்பானவை. ஆனால் படித்து முடித்ததும் மனதில் தங்கும் ஆப்பிரிக்க முகம் ஒன்றுகூட அவற்றில் இல்லை. எத்தியோப்பியாவில் பணியாற்றிய மில்ட்ரெட் டெய்லர் மிசிசிப்பிக் கறுப்பினக் குடும்பத்தையும், துருக்கியில் இருந்த கென்ட் ஹாரஃப் கொலராடோ சமவெளியையும் எழுதினார்கள். அவர்கள் பெரிய எழுத்தாளர்கள். நம் வழக்கு அவர்களைப் பற்றியதல்ல.

நம் வழக்கு மோரிட்ஸ் தாம்சனில் தொடங்குகிறது. இரண்டாம் உலகப்போரில் குண்டுவீச்சு விமானத்தில் பறந்தவர், பிறகு கலிபோர்னியாவில் பன்றி வளர்த்தவர், 48 வயதில் தொண்டராகி எக்வடாரின் எஸ்மெரால்டாஸ் கரையோரத்தில் ரியோ வெர்டே என்ற கறுப்பின மீனவ ஊரில் குடியேறினார். 1969இல் வெளிவந்த ‘லிவிங் புவர்’ இந்த வகையின் முதல் பெரிய நூல். இன்றுவரை அதை மிஞ்சிய ஒன்று வரவில்லை என்பேன். விவசாய அறிவோடு போன மனிதருக்கே ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பது அங்கேதான் உறைத்தது. மதியத்துக்குள் ஓய்ந்துவிடுகிறவர்களைச் சோம்பேறிகள் என்று நினைத்தவர், அவர்கள் சாப்பிடுவதையே தானும் சாப்பிட்டுப் பார்த்த பிறகுதான் அந்த ஓய்ச்சல் எங்கிருந்து வருகிறது என்று புரிந்துகொள்கிறார். அவர் சொல்லிக்கொடுத்தபடி கோழி வளர்த்து முட்டை விற்று முன்னேறுகிறவன் ராமோன். நூலின் உச்சம் அந்த வெற்றியல்ல. அதனால் ராமோனுக்கும் ஊருக்கும் நடுவே விழும் விரிசல். எல்லோரும் ஒரேபோல் ஏழைகளாக இருந்த ஊரில் ஒருவன் கையில் நாலு காசு சேர்ந்ததும் உறவு, கடன், பொறாமை எல்லாம் வேறு கணக்காகிவிடுகின்றன. தொண்டுக் கெடு முடிந்தும் தாம்சன் ஊர் திரும்பவில்லை. ராமோனோடு கூட்டாக நிலம் வாங்கினார். அந்தக் கதை 1978இல் நூலாயிற்று. பிறகு அதே ராமோன் அவரைப் பண்ணையிலிருந்து வெளியேற்ற, அந்தக் காயத்தோடு பிரேசிலுக்குப் போனதே ‘தி சேடஸ்ட் பிளெஷர்’. யாரும் யாரையும் மீட்காத மூன்று நூல்கள் இவை. 1991இல் குவாயாகிலில் காலராவில் இறந்த இந்த மனிதரை, மீட்பர் இலக்கியம் என்று பேசுகிறவர்கள் யாரும் குறிப்பிடுவதில்லை. குறிப்பிட்டால் அவர்களுடைய வாதம் நிற்காது.

தாம்சன் போட்ட பாதையில் எழுபதுகளிலும் எண்பதுகளிலும் பணியாற்றிய சிலர் நடந்தார்கள். மைக் டிட்வெல் அன்றைய ஸயரில் மீன் வளர்ப்புச் சொல்லிக்கொடுத்தவர். ‘தி பாண்ட்ஸ் ஆஃப் கலாம்பாயி’யில் ஒரு காட்சி: மண்வெட்டியால் தனியாளாகக் குளம் வெட்டி, மாதக்கணக்கில் தீவனம் போட்டு வளர்த்த மீனை, அறுவடையன்று கரையில் கூடிய உறவுக்காரர்களுக்குக் குடியானவர் அள்ளி அள்ளிக் கொடுக்கிறார். லாபம் கண்ணெதிரே கரைகிறதே என்று தொண்டர் பதறுகிறார். பஞ்சத்திலும் நோயிலும் அந்த மனிதரைத் தாங்கப்போவது இந்த உறவுகள்தாம், சந்தையல்ல என்பது அவருக்குப் பிறகே விளங்குகிறது. வளர்ச்சிப் பொருளாதாரம் பற்றிய தடிமனான அறிக்கைகளில் கிடைக்காத அறிவு இது. டோகோவில் கெடு முடியும் முன்பே விலகிவந்த ஜார்ஜ் பேக்கரின் ‘தி வில்லேஜ் ஆஃப் வெயிட்டிங்’ (1988) தன் தோல்வியை மறைக்கவில்லை. நேபாளத்தில் ஆசிரியராக இருந்த ப்ராட்டன் கோபர்ன் இன்னும் ஒரு படி மேலே போனார்: தான் தங்கியிருந்த வீட்டுக் குருங் இனக் கிழவியின் பேச்சையே ‘நேபாலி ஆமா’ என்ற நூலாக்கித் தான் ஓரமாக ஒதுங்கிக்கொண்டார். அந்த ஒதுங்கலுக்கு உரிய மதிப்பு இன்னும் கிடைக்கவில்லை.

சரிவு பிறகு வந்தது. சொந்தமாக அச்சிடுவது எளிதானதும் நினைவுக்குறிப்புகள் பெருகின. இவற்றின் குறை மீட்பர் நினைப்பு அல்ல. இன்றைய தொண்டர்கள் தாங்கள் ஒன்றையும் மாற்றவில்லை என்று முதல் அத்தியாயத்திலேயே சொல்லிவிடுகிறார்கள். குறை வேறிடத்தில் இருக்கிறது. ஊர் பின்திரையாகி, தொண்டரின் மனமே கதையாகிவிடுகிறது. வீட்டுக்காரம்மாவின் சமையல் தெரிகிறது, அவருடைய கடன் தெரிவதில்லை. விடைபெறும் நாளின் கண்ணீரோடு நூல் முடிகிறது; அதன்பின் அந்த ஊருக்கு என்ன ஆனது என்று கேட்க யாருமில்லை. இதே காலத்தில் வந்த கிரிஸ் ஹாலோவேயின் ‘மோனிக் அண்ட் த மேங்கோ ரெயின்ஸ்’ (2006) விலக்கு. மாலியில் பிரசவம் பார்த்த மருத்துவச்சி மோனிக், பின்னாளில் தன் பிரசவத்திலேயே இறந்துபோகிறார். ஹாலோவே அந்தச் சாவைத் தேடித் திரும்பிப் போனதால்தான் அது நூலாக நிற்கிறது.

இங்கே இரண்டு மறுப்புகள் வரும். அந்தந்த நாட்டுக்காரர்களே எழுதும்போது அமெரிக்கன் எழுதி என்ன ஆகப்போகிறது என்பது ஒன்று. மலாவியை மலாவிக்காரரிடமிருந்துதான் அறிய வேண்டும், சந்தேகமில்லை. ஆனால் உதவி என்பது இருவர் சம்பந்தப்பட்ட விவகாரம். கொடுத்தவர் பக்கத்துச் சாட்சியமும் வேண்டும், அது அரசாங்க அறிக்கையாக இல்லாமல் ஒரே முற்றத்தில் படுத்தெழுந்தவரின் எழுத்தாக இருந்தால் இன்னும் நல்லது. இரண்டாவது மறுப்பு கனமானது: நீண்ட காலம் தங்கியோ திரும்பிப் போயோ எழுதினால் அது தொண்டர் எழுத்தா, தேர்ந்த எழுத்தாளரின் எழுத்தா? பீட்டர் ஹெஸ்லரை வைத்தே இதற்குப் பதில் சொல்லலாம். 1996 முதல் 1998 வரை யாங்சி கரையின் ஃபூலிங்கில் ஆசிரியராக இருந்து எழுதிய ‘ரிவர் டவுன்’ (2001) நல்ல நூல். 2012இல் சீன மொழியில் வந்து, எழுதப்பட்ட ஊரே அதைப் படித்தது. 2019இல் செங்டுவுக்குத் திரும்பிப் பல்கலைக்கழகத்தில் பாடம் எடுத்து, தன் மகள்களை உள்ளூர்த் தொடக்கப் பள்ளியில் சேர்த்து, 2024இல் எழுதிய ‘அதர் ரிவர்ஸ்’ பெரிய நூல். ஃபூலிங் மாணவர்களோடு இருபது வருடத்துக்கு மேல் கடிதத் தொடர்பை விடாமல், கேள்விப்பட்டியல் அனுப்பி, அவர்களுடைய வீடு, சம்பளம், குழந்தை எல்லாம் கேட்டறிந்து எழுதியதால் ஒரு தலைமுறையின் ஏற்றம் அதில் பதிவாகியிருக்கிறது. பத்திரிகையாளராக வந்திறங்கும் யாருக்கும் அந்த மாணவர்கள் கிடைத்திருக்க மாட்டார்கள். அவர்கள் கிடைத்தது அந்த இரண்டு வருடத் தொண்டால்.

2020 மார்ச்சில் கொரோனா பரவியபோது சுமார் 7,000 தொண்டர்கள் ஒரே மூச்சில் திருப்பி அழைக்கப்பட்டார்கள். சீனத் திட்டம் அந்த ஆண்டோடு மூடப்பட்டது. பாதியில் விட்டுவந்த வகுப்புகளையும் வயல்களையும் பற்றிய நூல்கள் வரத்தொடங்கிவிட்டன, இன்னும் வரும். இவர்களுக்குத் தாம்சனுக்கு இல்லாத வசதி ஒன்று உண்டு. விட்டுவந்த ஊர்க்காரர் வாட்ஸ்அப்பில் இருக்கிறார்: பள்ளிக் கட்டணம் கேட்கிறார், கல்யாணப் படம் அனுப்புகிறார், எழுதியதை அனுப்பச் சொல்கிறார். அந்த உரையாடலையும், அதில் கேட்கப்பட்ட பணத்தையும், கொடுத்ததையும், மறுத்ததையும் எழுதத் துணிகிறவரிடமிருந்துதான் ‘லிவிங் புவர்’ பக்கத்தில் வைக்கத்தக்க அடுத்த நூல் வரும்; கையெழுத்துப் படி முதலில் போக வேண்டியது பதிப்பாளருக்கல்ல, அந்த ஊர்க்காரர்களுக்கு.