பிழைக் குறிப்பும் ஜர்னலும்

மாற்றங்களை முதலில் ஜர்னலில் எழுதி முடித்து, பிறகே அதனதன் இடத்தில் எழுதுவது ஜர்னல் முறை. நடுவில் மின்சாரம் போனாலும் கோப்பு முறைமை குலையாமல் இருப்பது இதனால்தான். லினக்ஸின் எக்ஸ்ட்4 கோப்பு முறைமையில் ஒரு பதிவு நெடுங்காலம் இந்த ஒழுங்குக்கு வெளியே இருந்தது: பிழைக் குறிப்பு.

பழுது தென்பட்டதும் எக்ஸ்ட்4 அதை, கோப்பு முறைமையின் அடிப்படை விவரங்களைத் தாங்கும் 1024 பைட் சூப்பர்பிளாக்கில் பதிக்கும். பிழை எத்தனை முறை வந்தது, முதலில் எப்போது, கடைசியாக எப்போது, கெர்னல் நிரலின் எந்த வரியில் என்பதெல்லாம் அதில் இருக்கும். அடுத்த முறை கணினி கிளம்பும்போது இ2எஃப்எஸ்சிகே என்ற சோதனைக் கருவி முழுச் சோதனையில் இறங்குவது இந்தப் பதிவைப் பார்த்துத்தான். அவசரம் கருதி இதை நேரடியாக வட்டில் எழுதிவந்தார்கள். அதே நொடியில் ஜர்னலும் அதே சூப்பர்பிளாக்கை எழுதிக்கொண்டிருந்தால் செக்சம் என்ற சரிபார்ப்பு எண் பொருந்தாது. முரண்பட்ட தகவல் ஜர்னலுக்குள்ளேயே புகுந்துவிடும். பழுதைச் சொல்ல வந்த நிரலே பழுதை உண்டாக்கியது.

2021-இல் வந்த 5.11 கெர்னலில் நிரலாளர் யான் காரா இதைத் திருத்தினார். ஜர்னல் உயிரோடு இருந்தால் குறிப்பும் ஜர்னல் வழியாகவே போக வேண்டும். ஆனால் கெர்னல் எந்தப் பூட்டைப் பிடித்திருக்கும்போது பிழை வரும் என்று சொல்ல முடியாது. அங்கேயே ஜர்னலைத் தொட்டால், ஒன்றுக்கொன்று காத்து எல்லாம் நின்றுபோகும் டெட்லாக் ஆகலாம். ஆகவே விவரத்தை நினைவகத்தில் குறித்துவிட்டு, எழுதும் வேலையை, பின்னணியில் வேலைகளைச் செய்யும் வொர்க்க்யூவிடம் ஒப்படைக்கிறது நிரல். தான் எங்கே நிற்கிறோம் என்பது தனக்கே தெரியாது என்று ஒரு நிரல் ஒப்புக்கொள்வதை நான் பெரிதும் மதிக்கிறேன். பிழைக்குப் பின் தொடர்ந்து ஓடும் 'கன்டின்யூ' அமைப்புக்கு மட்டுமே இந்த ஒத்திவைப்பு. மற்ற அமைப்புகளில் ஜர்னலை முதலில் நிறுத்திவிட்டு நேரடியாக எழுதுகிறார்கள். அப்போது மோத யாரும் இல்லை.

என் மனதை உறுத்துவது, விவரத்தைக் குறிப்பதற்கும் அது வட்டில் பதிவதற்கும் நடுவிலான இடைவெளிதான். வேலை வரிசையில் காத்திருக்க வேண்டும்; பிறகு ஜர்னல் கமிட் ஆக வேண்டும், அது இயல்பாக 5 நொடிக்கு ஒரு முறை. அதற்குள் கணினி விழுந்தால் பிழையின் சுவடே மிஞ்சாது, முழுச் சோதனையும் நடக்காது. கோப்பு முறைமையை உருவாக்கும் எம்கேஇ2எஃப்எஸ் இயல்பாக வைப்பதோ இதே 'கன்டின்யூ'. கெட்டுப்போன ஜர்னலைவிட தொலைந்த குறிப்பு மேல் என்பதால் திருத்தத்தின் பக்கமே நிற்கிறேன். முக்கியமான தரவு வைத்திருப்பவர்கள், பிழை வந்ததும் படிக்க மட்டுமே விடும் 'ரீமவுன்ட்-ஆர்ஓ'வுக்கு மாறிவிடட்டும்.

ஒத்திவைத்த வேலை 'எது முந்தும்' என்ற இன்னொரு மோதலையும் (ரேஸ்) கொண்டுவந்தது. மவுன்ட் பாதியில் தோற்கும்போது, வொர்க்க்யூவில் இருக்கும் வேலை முடிவதற்குள் ஜர்னல் கலைக்கப்பட்டுவிட வாய்ப்பிருந்தது. கலைப்பதற்கு முன் வேலையை முடிக்கச் சொல்லும் திருத்தமும் 2021-இலேயே தேவைப்பட்டது.

இதே பிழைப் பாதையில், 'படிக்க மட்டும்' என்ற கொடியை உரிய பூட்டு இல்லாமல் ஏற்றும் வழக்கமும் முன்னோடியான எக்ஸ்ட்2 காலத்திலிருந்து, தெரிந்தே, தொடர்ந்துவந்தது. அது 2024-இல்தான் நீங்கியது.