எட்டுப் படிக்கு வெளியே

மோக் நிறுவனத்தின் டிஃபாம் ஒரு டிரம் சிந்தசைசர்தான். ஆனால் கிக், ஸ்னேர், ஹை-ஹாட் என்று பெயர் எழுதிய பொத்தான்களை அதில் தேடினால் கிடைக்காது. இரண்டு ஆசிலேட்டர்கள், ஓர் இரைச்சல் ஊற்று, மோக்கின் பேர்பெற்ற ஏணி ஃபில்டர், மூன்று என்வலப்கள். இவற்றைத் திருகித் திருகி நாமேதான் அடியை உண்டாக்கிக்கொள்ள வேண்டும். தோல் அதிர்வது போலத் தொடங்கிய ஓசை, ஒரு குமிழைக் கொஞ்சம் நகர்த்தியதும் தகரமாகிவிடும். இன்னும் நகர்த்தினால் எதைத் தட்டினால் இப்படிக் கேட்கும் என்று சொல்லவே முடியாது. 2017 மோக்ஃபெஸ்ட் விழாவில், பட்டறைக்கு வந்தவர்கள் தங்கள் கையாலேயே பூட்டிச் சேர்த்த கருவியாக முதலில் தலைகாட்டியது. 2018இல் விற்பனைக்கு வந்தது. முழுப் பெயர் 'டிரம்மர் ஃப்ரம் அனதர் மதர்'. மோக்கின் மதர்-32 இதற்கு மூத்தது என்பதால் அந்தக் குறும்பு.

இது செமி-மாடுலர் வகை. அதாவது உள்ளே எது எதோடு சேர வேண்டுமோ அந்த இணைப்பெல்லாம் முன்கூட்டியே போட்டிருக்கிறது. ஒரு கேபிள்கூட இல்லாமல் ஒலிக்கும். ஓரத்தில் 24 துளைகள் கொண்ட பலகை இருக்கிறது. அதில் 15 உள்ளே வாங்குபவை, 9 வெளியே தருபவை. கருவிக்குள் எட்டுப் படி சீக்வென்சர் ஒன்று ஓடுகிறது. ஒவ்வொரு படிக்கும் சுருதிக்கு ஒரு குமிழ், அடியின் வலுவுக்கு ஒரு குமிழ். மிடி கிடையாது, எதையும் சேமித்து வைக்கும் நினைவகமும் கிடையாது. இன்று பிடித்த தாளம் நாளை வேண்டுமென்றால் செல்போனில் படம் எடுத்து வைத்துக்கொள்ள வேண்டியதுதான்.

எட்டுப் படி போதவில்லை, பதினாறோ அறுபத்துநான்கோ வேண்டும் என்று சொல்லித்தான் பலரும் வெளியே ஒரு சீக்வென்சர் தேடப் புறப்படுகிறார்கள். படிகளின் எண்ணிக்கை இங்கே பெரிய விஷயமே இல்லை என்பது என் கட்சி. நீளமான சீக்வென்சரை வாங்கி அதன் சுருதி வோல்டேஜை ஆசிலேட்டருக்கு அனுப்பினால் டிஃபாம் ஒரு சுமாரான பேஸ் சிந்தசைசர் ஆகும். அதற்கு வேறு நல்ல கருவிகள் இருக்கின்றன. டிஃபாமின் உயிர் சுருதியில் இல்லை. அடி எப்படி அடங்குகிறது என்பதில் இருக்கிறது.

துளைப் பலகையைப் பார்த்தாலே இது புரியும். விசிஏ டிகே (ஒலியளவு), விசிஎஃப் டிகே (ஃபில்டர்), விசிஓ டிகே (சுருதி) என்று மூன்று என்வலப்களின் அடங்கு நேரத்துக்கும் தனித்தனித் துளை. இரைச்சலின் அளவுக்கு ஒன்று. முதல் ஆசிலேட்டர் இரண்டாவதை எவ்வளவு குலைக்கிறது என்பதற்கு, அதாவது எஃப்எம் அளவுக்கு, ஒன்று. விசிஏ டிகேயைப் படிக்குப் படி மாற்றிப் பாருங்கள். நேரம் குறுகிய படியில் மரக்கட்டையில் தட்டியதுபோல் 'டக்'கென்று முடியும். நீண்ட படியில் அதே சுருதி தொங்கிக்கொண்டு நிற்கும். ஒரே சுருதியை எட்டுப் படியிலும் வைத்துவிட்டு அடங்கு நேரத்தை மட்டும் மாற்றினால் போதும், ஒருவரே வாசிக்கிறார் என்று காது நம்ப மறுக்கும். விசிஓ டிகேயை மாற்றினால் சுருதி விழும் வேகம் மாறும்: வேகமாக விழுந்தால் கிக்கின் தலையடி, மெதுவாக விழுந்தால் டாம் டிரம்மின் முனகல். எஃப்எம் அளவை ஏதாவது ஒரு படியில் மட்டும் ஏற்றிவிட்டால் அந்த ஒரு அடி உலோகமாகிவிடும். இரைச்சலை இரண்டு படியில் திறந்தால் ஸ்னேர் வந்துவிட்டது. ஒற்றைக் குரல் கருவி ஒன்று இப்படி நாலு கருவியாக நடிப்பதுதான் டிஃபாமை வைத்திருப்பதன் சுகமே. வெளிச் சீக்வென்சரைத் தேர்வதென்றால், இந்தத் துளைகளுக்கு யார் நன்றாகத் தீனி போடுவார் என்று தேர்வதுதான்.

ஒரு சின்ன எச்சரிக்கை. வெளியிலிருந்து வரும் வோல்டேஜ் குமிழ் நிற்கும் இடத்தோடு கூட்டப்படுகிறது. டிகே குமிழை முழுக்கத் திருகி வைத்துக்கொண்டு மேலே ஐந்து வோல்ட் அனுப்பினால் பெரிதாக எதுவும் நடக்காது. குமிழை இறக்கி வைத்துவிட்டுத்தான் கேபிளைச் செருக வேண்டும். பெரும்பாலான துளைகளுக்கு வரும் வோல்டேஜைக் குறைக்கத் தனிக் குமிழும் இல்லை. ஆகவே அளவைத் தன் பக்கத்திலேயே குறைத்துத் தரக்கூடிய சீக்வென்சராக இருந்தால் நல்லது.

இன்னொரு தொல்லை கிளாக். டிஃபாமின் அட்வான்ஸ்/கிளாக் துளை துடிப்புக்கு ஒரு படி நகரும். கால் நோட்டுக்கு 24 துடிப்பு அனுப்பும் கருவியை அப்படியே சேர்த்தால், பதினாறாம் பங்கு நோட்டு ஒன்றுக்குள் ஆறு படி ஓடித் தலைதெறிக்கும். படிக்கு ஒரு துடிப்பு என்று மாற்றிக்கொள்ள முடிகிறதா என்று முதலிலேயே பார்த்துவிட வேண்டும். ரீசெட் துளையும் கிடையாது. வெளிக் கிளாக் நின்று திரும்பத் தொடங்கினால், விட்ட இடத்திலிருந்தே நடக்கும். அட்வான்ஸ் பொத்தானை அழுத்தி எட்டாம் படியில் கொண்டுபோய் நிறுத்திவிட்டுக் கிளாக்கைத் தொடங்கினால் முதல் துடிப்பில் முதல் படி விழும். வயர் வேலை செய்பவர் மின் இணைப்பைத் துண்டித்துவிட்டுத் தொடங்குவது போன்ற ஒரு சடங்கு இது; பழகிவிடும்.

டிரிகர் துளைதான் என் கண்ணில் மிக அழகானது. அதில் கேபிள் ஏறியதும், படி நகர்வதும் அடி விழுவதும் இரண்டு தனி வேலைகளாகப் பிரிந்துவிடும். சுருதி வரிசை ஒரு வேகத்தில் நகர, அடி வேறொரு கணக்கில் விழும். வெளிச் சீக்வென்சரிடம் கேட்/டிரிகர் வெளியீடு குறைந்தது இரண்டு இருக்க வேண்டும் என்று நான் அடம்பிடிப்பது இதற்காகத்தான்.

இதையெல்லாம் சின்ன விலையில் செய்துவிடும் கருவி கோர்க் எஸ்கியூ-1. 2015இல் வந்தது, இரண்டு பேட்டரியில் ஓடும். எட்டு எட்டாக இரண்டு வரிசைக் குமிழ்கள், ஒவ்வொரு வரிசைக்கும் ஒரு சிவி (கட்டுப்பாட்டு வோல்டேஜ்), ஒரு கேட். வெளியீட்டை ஒரு வோல்ட், இரண்டு வோல்ட், ஐந்து வோல்ட் என்று கட்டுப்படுத்தலாம். அதைவிட முக்கியம், லீனியர் நிலையில் வைத்தால் வோல்டேஜை எந்த ஸ்வரத்துக்கும் இழுத்துக்கொண்டு போகாது. மெலடிக்காகச் செய்யப்பட்ட சீக்வென்சர்கள் பல, குமிழை எங்கே நிறுத்தினாலும் பக்கத்திலுள்ள ஸ்வரத்தில் கொண்டுபோய் உட்கார வைத்துவிடும். அடங்கு நேரத்துக்கு ஸ்வரம் எதற்கு?

எஸ்கியூ-1இன் முதல் வரிசைக் கேட்டை டிஃபாமின் கிளாக் துளைக்கும், இரண்டாம் வரிசை சிவியை விசிஏ டிகேக்கும் கொடுத்துவிட்டு, எட்டில் மூன்று படிகளின் கேட்டை மூடிவிடுங்கள். இப்போது ஒரு சுற்றுக்கு ஐந்து அடிதான் விழும். டிஃபாமும் ஐந்து படிதான் நகரும். அடுத்த சுற்றில் அதன் சுருதி ஆறாம் படியில் தொடங்கும், அதற்கடுத்ததில் மூன்றாம் படியில். தாள வடிவம் அப்படியே நிற்க, சுருதி மட்டும் ஊர்ந்துகொண்டே போய் எட்டுச் சுற்று முடிந்து 40 அடிக்குப் பிறகுதான் இரண்டும் ஒன்றாக முதல் படிக்கு வரும். கோர்வை சமத்தில் வந்து விழும் அந்த நொடிக்காகக் கச்சேரியில் விரல் விட்டு எண்ணிக்கொண்டிருப்பவர்களுக்கு இந்தச் சுகத்தை விளக்க வேண்டியதில்லை. இரண்டு எட்டுப் படிக் கருவிகள் சேர்ந்து இதைத் தருகின்றன. அறுபத்துநான்கு படிக் கருவி எதற்கு?

அர்டூரியா பீட்ஸ்டெப் ப்ரோவில் அறுபத்துநான்கும் இருக்கிறது. இரண்டு மெலடி வரிசைகள், ஒவ்வொன்றுக்கும் சுருதி, வெலாசிட்டி, கேட் வெளியீடுகள். இவற்றோடு எட்டு டிரம் கேட்டுகள். படிக்கு ஒரு துடிப்பு தரும் கிளாக். காகிதத்தில் இதைவிடப் பொருத்தமான ஜோடி கிடையாது. மேடைக்கும், கணினியோடு சேர்த்து ஓட்டுவதற்கும் இதைத்தான் சிபாரிசு செய்வேன். ஆனால் டிஃபாமோடு தனியாக உட்காரும் இரவுக்கு இது கொஞ்சம் அதிகாரி மாதிரி. எதையாவது மாற்ற எந்தப் பக்கத்தில் இருக்கிறோம் என்று முதலில் யோசிக்க வேண்டியிருக்கிறது. திரையும் மெனுவும் கொண்ட ஹெர்மாட், எலோகுவென்சர் வகையறா சீக்வென்சர்கள் பெரிய யூரோரேக் பெட்டி வைத்திருப்பவர்களுக்கு. பெட்டி இருந்தால் பமேலாஸ் நியூ வொர்க்அவுட் என்ற கிளாக் மாடுலை மட்டும் விட்டுவிட வேண்டாம். எட்டு வெளியீடுகளிலும் யூக்ளிட் முறையில் அடிகளைப் பரப்பித் தரும். எட்டில் மூன்று அடியை முடிந்தவரை சம இடைவெளியில் வைத்தால் கியூபாவின் டிரெஸிலோ தாளம் வந்து நிற்கிறது என்று காட்டியவர் காட்ஃப்ரீட் டூசைன்ட் என்ற கணினி அறிஞர், 2005இல். அவர் எடுத்தாண்ட கணக்கு முதலில் நியூட்ரான் கருவி ஒன்றின் நேரக் கட்டுப்பாட்டுக்காகப் போடப்பட்டது.

காசு ஒரு பொருட்டில்லை என்றால் என் கை போவது மேக் நாய்ஸ் நிறுவனத்தின் 0-கன்ட்ரோல் பக்கம். 2020இல் வந்தது. டிஃபாம் பிறந்த அதே ஆஷ்வில் ஊர்க் கருவி. எட்டே படிகள், மூன்று வரிசைக் குமிழ்கள்: சுருதி, வலு, நேரம். இந்த மூன்றாவதுதான் விஷயம். ஒவ்வொரு படியும் எவ்வளவு நேரம் நீள வேண்டும் என்பதை அந்தந்தப் படியின் குமிழே தீர்மானிக்கிறது. வெளியே ஒரு கிளாக் இருந்துதான் தீர வேண்டும் என்பதில்லை. நாலாம் படியை ஒரு மயிரிழை நீட்டினால் தாளம் சற்றே நொண்டும். அந்த நொண்டலில்தான் ஆட்டம் பிறக்கிறது. இது புதிய யோசனையும் இல்லை. 1960களின் இறுதியில் வந்த மோக் 960 சீக்வென்சரிலும் எட்டுப் படி, மூன்று வரிசைதான். மூன்றாவது வரிசையை நேரத்தை ஆளும்படி மாற்ற ஒரு விசை வைத்திருந்தார்கள். 1977இல் ஜார்ஜியோ மொரோடர் டோனா சம்மருக்காகச் செய்த 'ஐ ஃபீல் லவ்' பாட்டில் கிட்டத்தட்ட எல்லாமே மோக் மாடுலரும் சீக்வென்சரும்தான், ஒன்றைத் தவிர: கிக் டிரம்மைக் கீத் ஃபோர்சி காலால் மிதித்து வாசித்தார். அன்று மாடுலரிலிருந்து மனம் நிறையும் கிக்கை எடுக்க முடியவில்லை. டிஃபாமின் கிக்கைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு ஃபோர்சியின் நினைவு வரும்.

0-கன்ட்ரோலின் வலு வரிசையை டிஃபாமின் வெலாசிட்டி துளையிலும், கேட்டைக் கிளாக்கிலும், சுருதி வரிசையை (பெயர்தான் சுருதி) எஃப்எம் அளவிலும் செருகிவிடுவேன். படிக்கொரு கேட் வெளியீடு இருக்கிறது. ஆறாம் படியின் கேட்டை அதன் ரீசெட்டுக்கே திருப்பிவிட்டால் சுற்று சுருங்கிவிடும். தொடுதகட்டில் விரல் வைத்தால் அந்தப் படிக்குத் தாவும், எவ்வளவு அழுத்துகிறோமோ அதற்கேற்ற வோல்டேஜும் வரும். அந்த அழுத்தத்தை இரைச்சலுக்குக் கொடுத்துப் பாருங்கள். ஓடிக்கொண்டிருக்கும் தாளத்தின் மேல் விரலால் ஸ்னேரை வரவழைக்கலாம். திரை இல்லை, நினைவகம் இல்லை, ஸ்வரத்துக்கு இழுப்பதும் இல்லை. டிஃபாமின் குணமே இதற்கும் என்பதால்தான் இரண்டும் ஒத்துப்போகின்றன. விலைதான் கொஞ்சம் கடிக்கும்.

மதர்-32 ஏற்கெனவே பக்கத்தில் இருக்கிறது என்றால் கடைப்பக்கமே போக வேண்டாம். அதற்குள் 32 படி சீக்வென்சர் இருக்கிறது. கேட் வெளியீட்டை டிஃபாமின் கிளாக்குக்குக் கொடுக்கலாம். அதன் அசைன் துளையைப் படிக்குப் படி ஒரு தற்செயல் வோல்டேஜ் தரும்படி மாற்றி விசிஏ டிகேயில் செருகினால், டிஃபாம் ஒரே தாளத்தை இரண்டு தடவை ஒரே மாதிரி வாசிக்காது. மிடி உள்வழியும் அதிலேயே இருப்பதால் கணினி அதனோடு பேசிக்கொள்ளும். செலவு இரண்டு கேபிளோடு முடிந்தது. மிச்சப் பணத்துக்கு இன்னும் பத்துக் கேபிள் வாங்கி வைக்கலாம், எப்படியும் பற்றாது.