டிரெய்னருக்கு அடுத்து 'ஸ்டிக்'தான்!

கோடையில் திருப்போரூர்ப் பக்கம் ரிமோட் விமானம் விடுகிறவர்களுக்குக் கடிகாரம் வேண்டாம். நண்பகலை ஒட்டி நெம்மேலிப் பக்கமிருந்து உப்பங்கழியைத் தாண்டிக் கடல் காற்று வந்துவிடும். அத்தோடு, பழகுவதற்கான என் டிரெய்னர் விமானத்தை மூட்டை கட்டிவிட வேண்டியதுதான்.

டிரெய்னர் நல்ல வாத்தியார், அதில் சந்தேகமே இல்லை. உடம்புக்கு மேலே இறக்கை, இரண்டு நுனியும் அண்ணாந்திருக்கும். ரிமோட்டின் குச்சியிலிருந்து விரலை எடுத்தால் தானாக நிமிர்ந்துகொள்ளும். ஆனால் பக்கக்காற்று அடித்தால் அந்த அண்ணாந்த இறக்கையே அதைச் சாய்த்துவிடும். என்னுடையது ஒருமுறை சீமைக்கருவேல முள்ளில் போய் உட்கார்ந்தது.

இரண்டாவது விமானம் என்றதும் எல்லாருக்கும் ஸ்பிட்ஃபயர் போர் விமான மாடல் மேல்தான் கண். எனக்கும் அப்படித்தான். வேண்டாம், கொஞ்சம் பொறுங்கள்! நுனி குறுகிய இறக்கை அது. இறக்குவதற்காக வேகத்தைக் குறைக்கும்போது நுனிதான் முதலில் தூக்குவிசையை இழக்கும். ஒரு பக்கம் சட்டென்று விழும். ஆள் உயரத்தில் அது நடந்தால் சரிசெய்ய நேரமே இருக்காது.

நான் கட்டியது 'அக்ளி ஸ்டிக்'. 1960களில் அமெரிக்கர் ஃபில் கிராஃப்ட் உருவாக்கிய வடிவம். பெயரில்தான் அவலட்சணம், என் கண்ணுக்கு அதைவிட அழகான விமானம் கிடையாது! அடியிலிருந்து நுனிவரை ஒரே அகலத்தில் நேரான இறக்கை, ஸ்கேலும் கத்தியும் போதும். வேகம் குறைந்தாலும் நுனி கடைசிவரை பிடி விடாது. மோட்டார், பேட்டரி எல்லாம் டிரெய்னரிலிருந்து கழற்றியவை: 1000 கேவி மோட்டார், 10 அங்குல ப்ரொப்பெல்லர், 3 செல் 2200 எம்ஏஎச் பேட்டரி. புதிதாக வாங்கியது சன்போர்டு என்ற நுரை அட்டையும், பசையும், விமானத்தைச் சாய்க்கும் இறக்கை மடலான ஏலரானுக்கு இரண்டு 9 கிராம் சர்வோவும்தான். ஒன்றில் மட்டும் கறாராக இருங்கள்: எடை மையம் முன்விளிம்பிலிருந்து இறக்கை அகலத்தில் 25 முதல் 30 சதவீதத்துக்குள் விழ வேண்டும். வால் கனத்தால் விமானம் கைக்கு அடங்காது.

முதல் நாள் வேண்டுமென்றே மாலை மூன்று மணிக்குப் போனேன், அறுவடை முடிந்த வயலுக்கு. எதிர்க்காற்றில் மூக்கை வைத்துக் கையால் விட்டேன். அப்பா, என்ன ஏற்றம்! சாய்த்தால் சாய்ந்தபடியே நிற்கிறது, நிமிர்த்தினால்தான் நிமிர்கிறது. ஏலரானை முழுக்கத் தள்ளினேன். ஒரு முழுச் சுற்று சுற்றி நேராகி நின்றது. என் முதல் ரோல்! கத்தியே விட்டேன். அதே கடல் காற்றில் ஆறு நிமிடம் பறந்து, காற்றை எதிர்த்து நடை வேகத்தில் வந்து வரப்போரம் இறங்கியது.

பறக்கவிடும் முன் அரசின் டிஜிட்டல் ஸ்கை தளத்தில் வான்வெளி வரைபடத்தைப் பாருங்கள். முன் அனுமதி தேவைப்படாத பச்சை மண்டலத்திலும் 400 அடிதான் எல்லை. விமானம் கண்ணை விட்டு மறையக் கூடாது, ஆட்கள் தலைக்கு மேலும் போகக் கூடாது.

டிரெய்னரைப் பத்து முறை சேதமில்லாமல் இறக்கிவிட்டீர்களா? இந்த ஞாயிறே ஒரு சன்போர்டு ஷீட் வாங்கி ஸ்டிக்குக்கு இறக்கை வெட்ட ஆரம்பியுங்கள்.