கப்ளானின் நட்சத்திரங்கள்

லியோ ராஸ்டன் 1937-ல் வெளியிட்ட ஒரு நகைச்சுவை நூலை அமிர்தியில் தங்கியிருந்த நாலு நாளில் மறுபடியும் படித்து முடித்தேன். ஹைமன் கப்ளான் என்பவர் இங்கிலீஷ் படித்த கதை அது. நாவல் என்று சொல்வது சௌகரியத்துக்காகத்தான். பத்திரிகையில் தனித்தனியாக வந்த கதைகளைத் தொகுத்திருக்கிறார். இந்த முறையும் வாய்விட்டுச் சிரித்தேன். ஆனால் சிரிப்பு எந்தத் தூணின் மேல் நிற்கிறது என்பதையும் கவனிக்க முடிந்தது.

அமெரிக்காவில் ஒரு ராத்திரிப் பள்ளிக்கூடம். மாணவர்கள் எல்லோரும் வயது வந்தவர்கள், ஐரோப்பாவிலிருந்து குடியேறியவர்கள். பகலெல்லாம் வேலை செய்துவிட்டு ராத்திரி இங்கிலீஷ் கற்க வருகிறார்கள். கப்ளான் நாற்பது வயதைத் தாண்டியவர். உடுப்புத் தொழிற்சாலையில் துணி வெட்டுகிறவர். தம் பெயரை எழுதும்போது எழுத்துக்கு எழுத்து நடுவில் ஒரு நட்சத்திரம் போடுவார். எழுத்து சிவப்பு, ஓரம் நீலம், நட்சத்திரம் பச்சை. உபாத்தியாயர் பார்க்ஹில் சாது. இலக்கணத்தில் நம்பிக்கை உள்ளவர். இந்த இரண்டு பேருக்கும் நடக்கிற யுத்தம்தான் புத்தகம்.

ஒரு நாள் பார்க்ஹில் 'மாக்பெத்' நாடகத்திலிருந்து சில வரிகளைப் பலகையில் எழுதுகிறார். பேசுவது ஜூலியஸ் சீசர் என்று கப்ளான் நினைத்துக்கொள்கிறார். சீசர் என்ற பெயர் அவர் வாயில் கத்தரிக்கோலாக மாறிவிடுகிறது. (துணி வெட்டுகிறவருக்கு அது பொருத்தம்தான்.) கூடாரத்தில் தூக்கம் வராமல் கிடக்கும் சீசரை, அவர் தம்முடைய ஓட்டை இங்கிலீஷில் கண்முன் கொண்டுவந்து நிறுத்துகிறார். நாடகம் தப்பு, ஆள் தப்பு, இலக்கணம் தப்பு. ஆனால் ராத்திரியில் ஒரு மனிதன் தன் வாழ்நாளை நினைத்துப் பார்ப்பதில் உள்ள கனம் அந்த வகுப்பில் அவர் ஒருவருக்குத்தான் தட்டுப்பட்டிருக்கிறது. ராஸ்டன் எழுதியவற்றில் இதற்கு ஈடான இடம் இன்னொன்று இல்லை என்பேன்.

கடைசிக் கதையில் வருஷப் பரீட்சை வருகிறது. கப்ளான் தேறப் போவதில்லை. விடைத்தாளோடு உபாத்தியாயருக்கு ஒரு குறிப்பும் எழுதி வைக்கிறார். தேறாவிட்டால் கவலையில்லை, இந்த வகுப்பு எனக்குப் பிடித்திருக்கிறது என்பது அதன் சாரம். படிக்கிற யாருக்கும் மனசு இளகிவிடும்.

நான் சொன்ன தூண் இதுதான். தேறாவிட்டாலும் கப்ளானை யாரும் கப்பலேற்றி அனுப்பப் போவதில்லை. மறுநாள் காலையில் தொழிற்சாலை இருக்கிறது, சாயங்காலம் அதே வகுப்பு இருக்கிறது. பரீட்சைக்குப் பல் இல்லாதவரையில்தான் இந்த ஹாஸ்யம் செல்லும். பல் முளைத்த பரீட்சைகளை நம்மவர்கள் ராஸ்டனுக்கு வெகு காலம் முன்பே பார்த்துவிட்டார்கள்.

தென்னாப்பிரிக்காவில் நேட்டால் சர்க்கார் 1897-ல் ஒரு சட்டம் செய்தது. புதிதாக வந்து இறங்குகிறவர் ஏதாவது ஓர் ஐரோப்பிய மொழியில் விண்ணப்பம் எழுதிக் காட்ட வேண்டும். சட்டத்தில் இந்தியர் என்ற வார்த்தையே கிடையாது. ஆனால் யாரை நினைத்து எழுதினார்கள் என்பது எல்லோருக்கும் தெரியும். இதில் ஒரு வேடிக்கை உண்டு. 1860-ல் 'ட்ரூரோ' கப்பல் சென்னையிலிருந்து முதல் கூட்டத்தைக் கொண்டுபோனது முதல், ஒப்பந்தக் கூலிகள் போய்க்கொண்டே இருந்தார்கள். நம் வட ஆர்க்காடு ஜில்லாவிலிருந்து போனவர்கள் நிறையப் பேர். அவர்களுக்கு இந்தப் பரீட்சை இல்லை! கரும்பு வெட்ட இங்கிலீஷ் வேண்டாம். சொந்தக் காசில் டிக்கெட் வாங்கி வந்து கடை வைக்கத்தான் வேண்டும்.

ஆஸ்திரேலியா 1901-ல் இதை இன்னும் மெருகேற்றியது. அதிகாரி 50 வார்த்தை வாசிப்பார். வந்தவர் கேட்டு எழுத வேண்டும். எந்த ஐரோப்பிய மொழி என்பது அதிகாரியின் இஷ்டம். 1909-க்குப் பிறகு ஒருவர்கூடத் தேறவில்லை. பிராகாவில் பிறந்த எகோன் கிஷ் என்ற எழுத்தாளர் 1934-ல் போனார். பல பாஷை தெரிந்தவர். ஆகையால் ஸ்காட்லாந்தின் கேலிக் மொழியில் பரீட்சை வைத்தார்கள்! சட்டம் சொல்லும் ஐரோப்பிய மொழி அதுவல்ல என்று அந்த நாட்டு உயர்நீதிமன்றம் தள்ளிவிட்டது. ராஸ்டனேகூட இப்படி ஒரு காட்சியைக் கற்பனை செய்யத் துணிந்திருக்க மாட்டார். அந்தப் பரீட்சை 1958-ல்தான் ஒழிந்தது.

இன்றைய பரீட்சைகளை அந்தக் கணக்கில் சேர்ப்பது அநியாயம். பாடம் முன்கூட்டியே தெரியும். மதிப்பெண்ணுக்கு அளவுகோல் உண்டு. கனடாவில் 1992 முதல், குடியேறியவர்களுக்குச் சர்க்கார் செலவில் மொழி வகுப்பு நடக்கிறது. குடியுரிமைக்கு மொழிச் சான்று கேட்பதும் 18 வயதிலிருந்து 54 வரைதான். முதலில் வகுப்பு, பிறகு சான்று. பார்க்ஹில் ஒப்புக்கொள்ளக்கூடிய வரிசை இது. பிரிட்டன் 2010 நவம்பரிலிருந்து இந்த வரிசையைத் திருப்பிவிட்டது. அங்கே உள்ள கணவனிடம் போக விரும்பும் பெண், புறப்படுவதற்கு முன்பே இங்கிலீஷ் பேசிக் கேட்டுத் தேற வேண்டும். அமிர்திக்கு மேலே ஒரு மலைக் கிராமத்துப் பெண்ணை நினைத்துக்கொள்ளுங்கள். அவளுக்கு வகுப்பு எங்கே, பரீட்சைக் கூடம் எங்கே? இந்த மலையில் வாழும் மலையாளிகள் (கேரளத்தாரல்ல, மலையை ஆள்பவர்கள்) தங்கள் முன்னோர் காஞ்சீபுரத்திலிருந்து குடியேறியவர்கள் என்று சொல்கிறார்கள். அடிவாரத்தில் அவர்களை நிறுத்தி, எழுதிக் காட்டு என்று யாரும் கேட்டதாகக் கதை இல்லை.

மலையிறங்கினால் வேலூர். நர்ஸ் படிப்புக்குப் பேர்போன ஊர். வெளிநாடு போகும் நர்ஸ்கள் எழுதும் பரீட்சைகளில் ஓ.ஈ.டி. என்று ஒன்று உண்டு. அதில் ஒருவர் நோயாளி வேஷம் போடுவார். நர்ஸ் அவரிடம் பேசி ஆறுதல் சொல்ல வேண்டும். கதை எழுதுகிறவன் என்ற முறையில் இந்த ஏற்பாடு எனக்குப் பிடித்திருக்கிறது. யாரோ ஒருவர் உட்கார்ந்து, பயந்த நோயாளியைக் கற்பனை செய்திருக்கிறார். இங்கிலீஷ் எதற்காக வேண்டும் என்று யோசித்தவர் வேலை அது.

புத்தகத்திடம் எனக்கு ஒரு குறை உண்டு. போலந்தில் பிறந்து சிறு குழந்தையாக அமெரிக்கா போனவர் ராஸ்டன். சிக்காகோவில் இப்படிப்பட்ட வகுப்புக்குப் பாடமும் சொன்னவர். கப்ளானின் தாய்பாஷையான இத்திஷ் அவருக்கு நன்றாகத் தெரியும். அந்த பாஷையில் கப்ளான் கோமாளி அல்ல, கெட்டிக்காரராகக்கூட இருக்கலாம். அதை நமக்குக் காட்டவேயில்லை. இங்கிலீஷில் தடுக்கி விழும்போது மட்டும் விளக்கைப் போடுகிறார். நம் சினிமாவில் பட்டிக்காட்டான் இங்கிலீஷ் பேசும் காட்சியும் இதே ஜாதிதான். கொக்குவிலில் பிறந்து கனடாவில் குடியேறிய அ. முத்துலிங்கம் புது நாட்டில் தடுமாறுகிற மனிதர்களைப் பற்றி எழுதுகிறபோது சிரிப்பு வருகிறது. ஆனால் அந்த மனிதர்களின் ஊரும் பாஷையும் கூடவே வந்து உட்கார்ந்துகொள்கின்றன. அந்த வித்தியாசம் பெரிது.

ராஸ்டன் 1959-ல் கப்ளானை மறுபடியும் வகுப்புக்கு அழைத்து வந்தார். 1976-ல் இரண்டு புத்தகங்களையும் திருத்தி ஒன்றாக்கினார். அப்போதும் கதை வகுப்பறையை விட்டு அதிகம் நகரவில்லை. ராத்திரி வகுப்பு முடிந்து வீட்டுக்குப் போய்ச் சாப்பிட உட்கார்ந்த கப்ளான், கத்தரிக்கோல் சீசரைப் பற்றித் தம் பாஷையில் என்ன சொன்னார் என்று தெரிந்துகொள்ள எனக்கு ஆசை.